அப்பா தூங்கும்போது வாசித்தவை

பிளாஸ்டிக் கட்டையை விரல் அழுத்தும்போது அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் எழும். கீபோர்டின் ஒலியைக் குறைக்க ஓரத்தில் ஒரு பொத்தான் இருந்தது. இந்த 'டொக்'கைக் குறைக்க எதுவும் கிடையாது. அதனால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, விரல்நுனிச் சதையை மட்டும் கட்டைமேல் வைத்து, பிசைந்த மாவில் விரல் புதைவதுபோல மெல்ல இறக்கி, மெல்லவே மேலே விடவேண்டும். அப்போதும் ஒரு கண் கட்டைமேல் இருக்கும், ஒரு கண் உள்ளறைக் கதவின்மேல் இருக்கும். கதவுக்குப் பின்னால் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார்.

நான் பியானோ கலைஞர். பிறர் எழுதியதையே பல வருடங்கள் மேடைகளில் வாசித்துவிட்டு, இப்போதுதான் துணிந்து நானே எழுதியவற்றைச் சென்னையில் ஓர் ஆர்கெஸ்ட்ராவோடு ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். கேட்டவர்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்: மென்மை. தாலாட்டு மாதிரி இருக்கிறதாம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி என்று தெரிந்த ஒருவர், காவிரிக்கரைக் காற்றே இதில் வீசுகிறது என்றார். நானும் அசட்டுச் சிரிப்போடு தலையாட்டிவைத்தேன். காற்றும் இல்லை, தாலாட்டும் இல்லை, அது பயம். சின்ன வயதில் விரல்களுக்குள் புகுந்துகொண்ட பயம், இன்னும் வெளியே வராமல் அங்கேயே குடியிருக்கிறது.

நீடாமங்கலத்தைத் தாண்டி, இரண்டு பக்கமும் வயல் விரிந்த இடத்தில் ஒரு ரயில்வே கேட்டு இருந்தது. அப்பா அதில் கேட் கீப்பர். ரயில் கிளம்புமுன் ஸ்டேஷனிலிருந்து கேட்டு ரூமுக்குப் போன் வரும். அப்பா இரும்புச் சக்கரத்தைச் சுற்றிக் கேட்டை இறக்குவார். ரயில் போனபின் ஏற்றுவார். கேட்கச் சுலபமாக இருக்கும் இந்த வேலையை அவர் பெரும்பாலும் இரவில்தான் செய்தார். அதனால் எங்கள் குவார்ட்டர்ஸில் பகல்தான் இரவு. காலையில் அவர் வந்து படுத்ததும் அம்மா ஜன்னல்களில் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டுவிடுவாள். அரிசி கழுவிப் போட்ட குக்கரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் அடுப்பில் வைப்பாள். எங்கள் குக்கர் எங்கள் வீட்டில் விசில் அடித்து நான் கேட்டதே இல்லை. தெருமுனையிலிருந்து கத்திக்கொண்டு வரும் மீன்காரர் எங்கள் வாசலில் ஊமையாகி, கூடையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போவார். "அப்பா தூங்குறாங்க" என்பதுதான் எங்கள் வீட்டின் சட்டம், சமயம் எல்லாம்.

அந்தச் சட்டம் எதற்காக என்பது ஒரு நாள் எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் காதில் வாங்கமாட்டேன் என்று நினைத்து அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு கேட்டில் ஆள் அசந்துவிட்டாராம். நடவுக்குப் போன பெண்களை ஏற்றிய டிராக்டர் திறந்திருந்த கேட்டுக்குள் நுழைந்துவிட்டதாம். "தண்டவாளம் பூரா நாத்துக்கட்டா கெடந்துச்சாம் அக்கா. ராத்திரி ஒரு நிமிஷம் கண்ண மூடுனா போதும், அத்தன உசுரு. இவர பகல்ல தூங்க வச்சாத்தான் எனக்குச் சோறு எறங்குது" என்றாள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என் தட்டு கீழே விழுந்தால் அப்பா விழிப்பார், விழித்தால் இரவில் அசருவார், அசந்தால் டிராக்டர் வரும். என் மனதில் இது வாய்ப்பாடு போலப் பதிந்துவிட்டது. பச்சை நாற்றுக்கட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். டெல்டாவில் பிறந்துவிட்டு நாற்றைப் பார்க்காமல் எங்கே போவது?

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் கீபோர்டு வந்து சேர்ந்தது. துபாயிலிருந்து திரும்பிய கடைத்தெரு பாய் ஒருவர் அப்பாவின் சிநேகிதர்; பள்ளியில் சிஸ்டரிடம் நான் பியானோ கற்றுக்கொள்கிறேன் என்று கேள்விப்பட்டு, "புள்ள வாசிக்கட்டும்ணே" என்று கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. பாம்புக்குட்டியைக் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அது ஓசை எழுப்பாது என்று நினைத்திருப்பாள். ஒலிபெருக்கியின்மேல் தலையணை, அதன்மேல் என் பாவாடை என்று அடுக்கிவைத்து, குனிந்து காதை ஒட்டவைத்துத்தான் பழகினேன். உள்ளே கட்டில் 'கிரீச்' என்றால் விரல் அந்தரத்தில் நின்றுவிடும். மூச்சை அடக்கிக் காத்திருந்து, குறட்டை மறுபடி எழுந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். பள்ளியிலோ சிஸ்டர் தலையிலடித்துக்கொள்வார். "பியானோவ வாசிக்கறியா, தடவிக் குடுக்கறியா? அழுத்தி வாசிம்மா, அது ஒண்ணும் கடிக்காது!" கடிக்காது என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாதே.

ஒரு சம்பா நடவுக்காலம். பள்ளி ஆண்டுவிழாவில் வாசிக்கவேண்டியிருந்ததால் ஒரு லீவு நாளில் பகலெல்லாம் பழகிக்கொண்டிருந்தேன். கட்டில் சத்தம் கேட்டது, நிறுத்தினேன். இந்த முறை குறட்டை திரும்பவில்லை. கதவு திறந்து, கண் ரத்தமாகச் சிவந்திருக்க அப்பா வந்து நின்றார். என்னையும் தலையணையையும் பாவாடையையும் பார்த்தார். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். உள்ளே போய்ப் படுத்தார். அதற்குப் பிறகு அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கட்டில் ஓயாமல் முனகிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு அவர் சைக்கிளில் ஏறியபோது, "இன்னைக்கிப் போவேணாம்னு சொல்லும்மா" என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து அழுதேன். "வேலைக்குப் போகாம என்ன பண்றது?" என்று அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். கேட்டு ரூம் படியில் உட்கார்ந்து, அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வீட்டுக்குப் போ பாப்பா, இருட்டப்போவுது" என்றார். நகரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். சற்று நேரத்தில் சுவரில் சாய்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

அதே நேரத்தில் வயல் பக்கத்திலிருந்து டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லரில் சேறு காய்ந்த கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு பெண்கள், அவர்கள் மடியில் மிச்ச நாற்றுக்கட்டுகள். கேட்டு திறந்திருந்தது. அப்பாவை எழுப்பவேண்டும், கத்தவேண்டும் என்று தெரிகிறது, ஆனால் வருடக்கணக்காக அவர் தூங்கும்போது சத்தம் போடாமலேயே பழகிய தொண்டை திறக்கவில்லை. வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது.

அப்பா சடாரென்று எழுந்தார். போன் அடிக்கவில்லை, யாரும் தொடவில்லை. மேஜைமேல் கிடந்த போனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சக்கரத்துக்கு ஓடிக் கேட்டை இறக்கினார். டிராக்டர்காரர் எரிச்சலோடு பிரேக் போட்டு, "என்னண்ணே, வண்டியே காணும், அதுக்குள்ள போட்டுட்டீங்க?" என்றார். "அடிக்க வேண்டிய போனு அடிக்கல தம்பி. லைன் செத்துப்போச்சு போலருக்கு. செத்த இரு" என்றார் அப்பா. பெண்கள் வெற்றிலையை மென்றுகொண்டு நாத்தனார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஹாரன் கேட்டது. ரயில் எங்களைத் தாண்டிப் போனபோது நான் படியிலேயே சிறுநீர் கழித்துவிட்டிருந்தேன்.

என் மனதில் நின்றது அவர் கண்ணை மூடியது மட்டும்தான். அதற்குப் பிறகு இன்னும் மெதுவாக, இன்னும் குறைவாக வாசித்தேன். பெரிய பியானோக்கள் வந்தபிறகும், பெரிய அரங்குகள் வந்தபிறகும் கை மாறவில்லை. இப்போது ஒலிப்பதிவின்போது ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் இசைத்தாளைப் புரட்டிவிட்டு, "மேடம், ஒவ்வொரு பீஸ்லயும் எங்கயாவது ஒரு எடத்துல எல்லாரும் சும்மா நிக்கணும்னு எழுதியிருக்கீங்களே, ஏன்?" என்று கேட்டார். அப்படித்தான் வருகிறது என்றேன். அந்த இடம் வந்ததும் வயலின்காரர்கள் எல்லோரும் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி மூச்சடக்கி நின்றார்கள். அவ்வளவு பேரும் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் வந்து நிற்பதுபோல எனக்கு இருந்தது.

அப்பா ஓய்வுபெற்றுத் தஞ்சாவூரில் அம்மாவோடு இருக்கிறார். போன வருடம் நெஞ்சுவலி வந்து பிழைத்ததிலிருந்து அநேக நேரம் படுக்கைதான். ஒலிப்பதிவை அவருக்குப் போட்டுக்காட்டப் போயிருந்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், இசை நின்ற இடத்தில் பட்டென்று விழித்தார்.

"ஏன் பாப்பா நிறுத்திட்ட? அப்பவும் இப்புடித்தான். நல்லாத் தூக்கம் வர்றப்ப டக்குனு நிறுத்திடுவ, நான் முழிச்சிக்குவேன்."

"என் சத்தத்துலதானப்பா முழிச்சீங்க?"

"சத்தத்துல எவன் முழிச்சான்? தலமாட்டுல கூட்ஸ் வண்டி போனாலும் தூங்குவேன். சத்தம் நின்னாத்தான் திக்குங்கும், போனு செத்துப்போச்சோன்னு. நீங்க ஆத்தாளும் மவளும் வீட்டச் சுடுகாடாட்டம் ஆக்கி வச்சிருந்தீங்க, எங்கேருந்து தூங்குறது? நீ வாசிக்கிறப்பதான் கொஞ்சம் அசருவேன்."

"அப்ப நான் குக்கரத் தூக்கிக்கிட்டு அலைஞ்சதெல்லாம்?" என்றாள் அம்மா. முதல்நாளே சொல்லித்தொலைத்திருக்கலாமே என்றேன். "எனக்காகப் பயந்து பயந்து பண்ணுனீங்க. வேணாம்னு சொல்ல மனசு வரல" என்றார். அம்மா எழுந்துபோய்க் குக்கரை 'டங்'கென்று அடுப்பில் வைத்தாள்.

அந்தக் கேட்டு இப்போது இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை போட்டுவிட்டார்கள். மழை பெய்தால் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். கீபோர்டு எந்தப் பரணில் போயிற்றோ தெரியாது. பயம் மட்டும் போகவில்லை, அது திசை மாறியிருக்கிறது. இப்போதெல்லாம் மத்தியானத்தில் அந்த ஒலிப்பதிவைப் போட்டால்தான் அப்பாவுக்குத் தூக்கம் வருகிறது என்கிறார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்கிறேன். இசை நிற்கும் இடம் வருகிறது, அறை நிசப்தமாகிறது. சின்ன வயதில் எந்தக் கண் திறந்துவிடக் கூடாது என்று எல்லாச் சாமியையும் வேண்டினேனோ, அந்தக் கண் திறக்கவேண்டுமே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று திறந்தது. "வாசி" என்றார். அதற்குள் வயலின்கள் ஆரம்பித்துவிட்டன, அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த பீஸிலும் அப்படி ஓர் இடத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன்.