நவாப்பின் மூலை

போன வியாழக்கிழமை சாயங்காலம். தொழுவதற்காக அம்மா பாயில் கால் வைத்தார். அடுத்த நொடி, செல்லூர் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டு விசைத்தறியே நின்றுபோனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். (கரன்ட் போனதால் நின்றது என்றும் சிலர் சொல்கிறார்கள்.)

பாய் ஈரம். மழை இல்லை. கூரை ஒழுகவில்லை. கட்டிலுக்கு அடியில் நவாப் மட்டும் ஒன்றுமே தெரியாத மாதிரி மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நவாப் எங்கள் வீட்டு முயல்.

ஆமாம்… வாராவாரம் ஊர்க்கதை எழுதுகிறவன் இந்த வாரம் முயல் மூத்திரத்தில் வந்து நிற்கிறேன். பத்தாவதில் கணக்குக்கு மூன்று தடவை ஃபெயிலாகிக் கோட் அடித்தவனிடம் இதற்கு மேல் எதிர்பார்த்தால் அது உங்கள் தப்பு.

நவாப் அப்படிப்பட்ட ஆளே இல்லை. மூன்று வருஷமாகத் தரையில் ஒரு சொட்டு விட்டதில்லை. பழக்கியது என் தங்கச்சி நஸ்ரின். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப், அதில் கிழித்த பேப்பர், ஓரமாகக் கொஞ்சம் காய்ந்த புல். மிஷின் கடகடவென்று ஓடும். நவாப் டப்பில் உட்கார்ந்து புல்லை மென்றபடியே வந்த காரியத்தை முடிப்பார். மேலேயிருந்து விழுந்த சிவப்பு நூலும் பச்சை நூலும் காதில் தொங்க, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இறங்கி வருவார்.

“நஸ்ரினு… உன் கஸ்டமர்லயே சொன்ன டயத்துக்குக் கரெக்ட்டா வர்றது இவன் ஒருத்தன்தான்!” என்பேன். இஞ்ச் டேப் சுழன்று வந்து முதுகில் விழும். இப்போது நினைத்தால் அந்த அடிகூட வேண்டும்போல இருக்கிறது.

மூன்று மாதம் முன்னால் அவளைப் பேரையூரில் கட்டிக்கொடுத்தோம். மிஷினும் கூடவே வண்டி ஏறியது. நவாப்பால் போக முடியவில்லை — மாப்பிள்ளை வீட்டுத் தோட்டத்தில் இரண்டு காவல் நாய். காரில் ஏறும்போது எல்லாரும் அழுதுகொண்டிருக்க, அவள் என் காதில் சொன்னது ஒன்றே ஒன்று.

“அண்ணே, நவாப்ப யாருக்கும் குடுத்துராத.”

“சத்தியமா குடுக்க மாட்டேன்” என்றேன்.

நோன்பு வரப்போகிறது என்று அம்மா வீட்டையே புரட்டிப்போட்டுக் கழுவினார். டப்பும் தப்பவில்லை. பினாயில் ஊற்றித் தேய்த்து, மொட்டைமாடியில் காயவைத்து, பாத்ரூம் வாசலில் கொண்டுபோய் வைத்தார். ஏன் அங்கே?

“அவன் லெட்ரினும் நம்ம லெட்ரின் பக்கத்துலதானடா இருக்கணும்?”

நியாயமாகத்தான் பட்டது. நவாப்புக்குப் படவில்லை. நான் தூக்கி டப்பில் வைப்பேன், அவர் குதித்து ஓடுவார். மறுபடி வைப்பேன், மறுபடி ஓடுவார். நானே செய்து காட்டுவது ஒன்றுதான் பாக்கி.

வியாழக்கிழமையோடு பாய் நனைந்தது மூன்றாவது தடவை. அம்மா கெடு வைத்துவிட்டார்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல இது இந்த வீட்ல இருக்கக் கூடாது. நோன்பு நாள்ல நான் பாயத் தொவைக்கவா, தொழுகவா?”

விஷயம் என் கூட்டாளி கருப்பு வரைக்கும் போய்விட்டது. கீழக்குயில்குடியிலிருந்து பைக்கில் வந்து நின்றான்.

“மாப்ள, எங்கிட்டக் குடு. ராசா மாதிரி வச்சுக்கிறேன்.”

“எம்புட்டு நாளைக்கு?”

“மசாலா அரைக்கிற வரைக்கும்.”

சனிக்கிழமை காலை வேறு வழியில்லாமல் நஸ்ரினுக்குப் போன் போட்டேன். அதுவரைக்கும் ‘நவாப் நல்லா இருக்கான்’ என்று புளுகிக்கொண்டிருந்தவன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“டப்ப பினாயில் போட்டா கழுவுனீங்க? அவன் வாசம் அம்புட்டும் போயிருக்குமேண்ணே! அவன் நனைச்ச எடத்தத் தொடச்ச பேப்பர அதுக்குள்ள போடு. நாலு புழுக்கையும் பொறுக்கிப் போடு.”

“நானா?”

“பின்ன, கலெக்டரா வருவாரு? ஓரமாப் புல்ல வையி. தின்னாத்தான் அவனுக்கு வரும். டப்ப அவன் போற எடத்துலயே வையி.”

“அவன் போறது அம்மா தொழுகுற எடத்துலடி.”

“அது எங்க?”

“அதான்… உன் மிஷின் கெடந்த மூலைல.”

நஸ்ரின் மெதுவாகச் சொன்னாள், “அவன் ஒண்ணும் மறக்கலண்ணே.”

வீட்டிலிருந்து ஒரு ஆளும் ஒரு மிஷினும் போய்விட்டால், அந்த மூலை காலி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். யார் யார் மனசில் அது இன்னும் அடைந்து கிடக்கிறதோ… யாருக்குத் தெரியும்?

டப்பைத் தூக்கிக்கொண்டு அந்த மூலைக்குப் போனேன். அம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். தொழுகை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நஸ்ரின் சொன்னதைச் சொன்னேன். அடி விழும் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன்.

அம்மா சுவரைப் பார்த்தார். மிஷின் உரசி உரசிச் சுண்ணாம்பு உதிர்ந்த தடம் அங்கே இருந்தது.

“இங்க ஒக்காந்தா புள்ள பக்கத்துல இருக்க மாதிரி இருந்துச்சு…” என்றார். எழுந்து பாயைச் சுருட்டினார். “சரி, மேக்க பாத்துத் தொழுகணும், அம்புட்டுத்தான. எந்த மூலைல நின்னா என்ன? வையி. அவனுக்கும் தேடும்ல.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நவாப் வந்தார். டப்பை மோந்தார். சுற்றினார். ஏறி உட்கார்ந்து, புல்லைக் கடித்தபடி… ஆச்சு!

“போடுறா போன!” என்றார் அம்மா.

பேரையூரில் மாமியார், நாத்தனார் எல்லாரும் சுற்றி நிற்க, வீடியோ காலில் அம்மா பெருமையாகக் காட்டியது ஒரு டப் முயல் புழுக்கையை. அதைப் பார்த்து ஒரு புதுப்பெண் அங்கே அழுகிறாள்; இங்கே அம்மா முந்தானையால் மூக்கைத் துடைக்கிறார்.

போனைப் பிடித்திருந்தது நான்தான். படம் ஏன் அப்படி ஆடியது என்று கேட்டார்கள் — நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.