ஸ்கேன் சென்டரில் ‘சொல்லக்கூடாது’ என்றால்

1. இரண்டு கேள்விகள்

அன்று எங்கள் ஸ்கேன் சென்டரில் இருந்தவர்கள்: ரேடியாலஜிஸ்ட் மேடம், அட்டெண்டர் தேசம்மாக்கா, கவுண்டரையும் ரிப்போர்ட் டைப்பிங்கையும் பார்த்துக்கொள்ளும் நான், பர்வீன் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண், அவளுடைய அம்மா ஜெய்தூன். ஹாலில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர்.

வராதவர்கள் இரண்டு பேர். பர்வீனின் அத்தா கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். லோடு எடுத்துக்கொண்டு ஆந்திரா பக்கம் போயிருந்தார். மகளை ஸ்கேனுக்கு அழைத்து வந்ததே அவருக்குத் தெரியாது. இன்னொருவர், பர்வீனுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை. அவர் வீட்டுக்குத் தெரியவே கூடாது என்றுதான், தண்டையார்பேட்டையில் தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டர் இருந்தும், அம்மாவும் மகளும் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் வரை வந்திருந்தார்கள்.

எங்கள் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். டைப்பிங் லோயர் முடித்து இங்கே சேர்ந்தபோது, மேடம் சொல்லச் சொல்ல ஸ்பெல்லிங் தப்பில்லாமல் அடித்தால் போதும், அதுதான் வேலை என்று நினைத்திருந்தேன்.

பெல்விஸ், அதாவது அடிவயிற்று ஸ்கேனுக்கு வரும் பெண்களிடம் கவுண்டரில் இரண்டு கேள்விகள் கேட்போம். கல்யாணம் ஆகிவிட்டதா? கடைசியாக எப்போது குளித்தீர்கள், அதாவது மாதவிலக்கு எப்போது வந்தது? கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு வயிற்றின் மேல் மட்டும்தான் ஸ்கேன் எடுப்பார்கள் என்பதால் முதல் கேள்வி. இரண்டாவது, ரிப்போர்ட்டில் போட. வேலைக்குத் தேவையான கேள்விகள்தான். ஆனால் அந்த ஹாலில், எல்லோர் காதிலும் விழ, அந்த இரண்டு பதில்களையும் அடுத்தடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது அந்தப் பெண்ணுக்கு.

“கல்யாணம் ஆகல.”

“கடைசியா எப்போங்க?”

பர்வீன் மாஸ்க்கும் போட்டு, அதன் மேல் துப்பட்டாவைத் தாடையோடு இழுத்துச் சுற்றியிருந்தாள். “நாலு மாசம்,” என்றாள்.

டோக்கனோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு அம்மாள் தன் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

2. போர்டு

மேடம் முதல் தடவை பார்த்துவிட்டு உடனே வெளியே அனுப்பிவிட்டார். பிளாடர் ஃபுல் ஆகவில்லை. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் பின்னால் இருக்கும் கர்ப்பப்பையும் ஓவரியும் படத்தில் தெரியும்.

“காலைல இருந்து எவ்ளோ தண்ணி குடிச்ச?” என்று மேடம் கேட்டது திரைக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டர் முன் இருந்த எனக்குக் கேட்டது.

“அரை கிளாஸ் மேடம். சாத்தாங்காட்டுல இரும்புக் கடைல பில் போடறேன். அங்க லேடீஸுக்கு பாத்ரூம் கிடையாது. தண்ணி குடிக்காமயே பழகிடுச்சு.”

“இன்னைக்கு லீவுதானம்மா?”

“லீவுன்னாலும் தண்ணி குடிக்க வர மாட்டேங்குது மேடம்.”

ஒரு லிட்டர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னார். இடம் சின்னது என்பதால் ஜெய்தூன் அம்மாவை உள்ளே விடவில்லை. மகள் வெளியே வந்ததும் அவர் தேசம்மாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா தெரிஞ்சுதுக்கா உள்ள?”

தேசம்மாக்கா ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்லும் பதிலைச் சொன்னார். “அதெல்லாம் நாங்க சொல்லக்கூடாதும்மா. போர்டு மாட்டிக்கீது பாரு.”

கவுண்டருக்கு மேலே எல்லா ஸ்கேன் சென்டரிலும் இருக்கும் போர்டு. ஜெய்தூன் அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘கருவில் இருப்பது’ என்ற இடம் வரை உதடு அசைந்தது. ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வது குற்றம் என்கிற மீதியை அவர் படிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஸ்கேன் சென்டருக்குள் ஒன்றைச் சொல்லமாட்டார்கள் என்றால் அது குழந்தையைப் பற்றித்தான். அவர் அப்படிப் புரிந்துகொண்டதில் ஆச்சரியமில்லை.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். கொடுத்தபடியே, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “யாரு?”

“இன்னாம்மா?”

“குடி. குடிச்சிகினே சொல்லு. யாரு அது? அந்தக் கடக்காரனா?”

“அம்மா, அல்லா மேல சத்தியமா ஒண்ணும் இல்லம்மா. வூட்லயே அட்டைல டெஸ்ட் பண்ணித்தானே பாத்த? ஒரு கோடுதானே வந்துச்சு?”

“அந்த அட்டை இன்னா பழசோ, எந்த ஸ்டாக்கோ. இங்க போர்டு போட்டுக்கீறான். அந்தம்மா வாயால சொல்லுது, சொல்லக்கூடாதுன்னு. ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானே?”

அந்த ஒரு மணி நேரம் பர்வீன் ஒரு மடக்கு குடிப்பாள், நிறுத்துவாள். ஒவ்வொரு மடக்குக்கும் அவள் அம்மா ஒரு கேள்வி கேட்பார். பதில் சொல்லச் சொல்ல அழுகை வந்தது. மறுபடி தண்ணீர் இறங்கவில்லை. நடுவில் ஜெய்தூன் அம்மா கவுண்டருக்கு வந்தார்.

“தம்பி, நீ படிச்ச புள்ள. எனுக்கு ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லு. நான் இன்னைக்கு ரயில்ல வுழணுமா, வூட்டுக்குப் போவணுமா?”

நான் மேடத்தின் கதவைத் தட்டினேன். உள்ளே வேறு பேஷண்ட் இருந்தார். திரும்பி வருவதற்குள் ஹாலில் அறை விழுந்த சத்தம். பாட்டில் உருண்டு பெஞ்சுக்கு அடியில் போயிற்று. தேசம்மாக்கா நடுவில் பாய்ந்தார். “யம்மா! வயசுக்கு வந்த பொண்ண கை நீட்டுவியா? இன்னா பொம்பள நீ? தள்ளு அப்டி!”

ஜெய்தூன் அம்மா கத்திவிட்டார். “நாலு மாசம்க்கா! நாலு மாசமா இவ குளிக்கல! அடுத்த மாசம் நிக்காஹ் வெச்சிக்கீறேன்!”

டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

3. முப்பது நோன்பு

இரண்டாவது தடவை மேடம் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார். மானிட்டரை அவர் பக்கம் திருப்பினார். நான் திரைக்கு இந்தப் பக்கம் விரலை கீபோர்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வழக்கமாக மேடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போவார். அன்று முதலில் தமிழில் பேசினார்.

“இது கர்ப்பப்பை. நல்லா பாருங்க, காலியா இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. உங்க பொண்ணு கர்ப்பமா இல்ல. புரியுதாம்மா?”

மேடம் அடுத்த படத்துக்குப் போனார்.

“இது ஓவரி. சைஸ் பெருசா இருக்கு. ஓரத்துல சின்னச் சின்னதா வட்டம் தெரியுதா? முட்டை முழுசா வளராம நின்னு போச்சு. அதான் மாசா மாசம் வரல. இந்தப் படத்த வெச்சு மட்டும் நான் பேர் சொல்லிட முடியாது. எவ்ளோ நாளா இப்படி? பர்வீன், நாலு மாசம்தானா? அதுக்கு முன்னாடி?”

“முன்னாடியும் கொஞ்சம் லேட்டாதான் மேடம் வரும்.”

“எவ்ளோ லேட்டு?”

அவள் பதில் சொல்வதற்குள் ஜெய்தூன் அம்மா குறுக்கிட்டார்.

“அதெல்லாம் இல்ல மேடம். நல்ல ஆரோக்கியமான பொண்ணு. இந்த ரமலானுக்கு முப்பது நோன்பும் வெச்சா. ஒண்ணு வுடல. போன ரமலானுக்கும் முப்பதும் வெச்சா. தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லிகினு வந்தேன், எம் பொண்ணு முப்பதும்...”

அங்கே அவர் நிறுத்திவிட்டார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோன்பு வைக்கமாட்டார்கள். விட்டதைப் பிறகு வைத்து முடிப்பார்கள். மாதம் தவறாமல் வருகிற பெண்ணுக்கு ரமலானில் சில நோன்பாவது விட்டுப்போகும்.

ஜெல் துடைக்கும் டிஷ்யூ கிழிபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஜெய்தூன் அம்மாவின் குரல், மிக மெதுவாக. “ரெண்டு வருசமாடி?”

“மூணு,” என்றாள் பர்வீன். “நீ எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னியா, அப்புறம் எப்டிம்மா சொல்றது?”

அதற்குப் பிறகுதான் மாஸ்க்கைக் கழற்றினாள் என்று தேசம்மாக்கா பிறகு சொன்னார். தாடையில் முடி, பார்லரில் நூல் போட்டுப் போட்டுக் கறுத்துப் போன இடம். ஸ்கேனுக்கு வருவதற்கு முன் அவள் போயிருந்த கிளினிக்கில் பருவுக்குக் களிம்பு, உடம்பு போட்டதற்கு டயட், மாதவிலக்கு வர அஞ்சு நாள் மாத்திரை என்று தனித்தனியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே காரணத்தால் என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. மேடம் மகப்பேறு டாக்டருக்குக் கடிதம் எழுதினார். தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், சுகர் எல்லாம் பார்த்து, மற்றது எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அந்த டாக்டர் பேர் சொன்னார்: பிசிஓஎஸ், ஓவரியைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு. குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை, கவனித்துக்கொள்ள வேண்டும், வருடா வருடம் சுகர் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

4. காப்பி

பத்து நாள் கழித்துக் கவுண்டருக்கு ஒரு ஆள் வந்தார். சாத்தாங்காட்டிலேயே வேறொரு கடை வைத்திருப்பவர், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அன்று ஹாலில் இருந்த யாரோ பேசியது அவ்வளவு தூரம் போயிருந்தது.

“நைனா, பர்வீன்னு ஒரு பொண்ணு வந்துச்சே. அது ரிப்போர்ட் ஒரு காப்பி அட்ச்சிக் குடு.”

“பேஷண்டுக்கு மட்டும்தான் சார் கொடுப்போம்.”

“அப்ப ஏதோ கீது.”

“இருக்குன்னும் நான் சொல்லல, இல்லைன்னும் சொல்லல சார். யார் ரிப்போர்ட் கேட்டாலும் இதுதான் பதில். உங்க வீட்டு ரிப்போர்ட்ட வேற ஒருத்தர் வந்து கேட்டா கொடுக்கலாமா?”

முறைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் பர்வீனுக்குப் போன் செய்து சொன்னேன். “நானே குடுக்கறேண்ணா,” என்றாள். அம்மாவோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, என்ன வியாதி, என்ன மருந்து என்று அவளே விளக்கியிருக்கிறாள். குழந்தை பிறக்கும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்களாம். ஜெய்தூன் அம்மா எழுந்துவிட்டார். “உங்க புள்ளைக்கும் ஒண்ணு எழுதி வாங்கினு வாங்க, ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாப்போம்,” என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது எங்கள் சென்டரில் அந்த இரண்டு கேள்விகளையும் ஹாலில் கேட்பதில்லை. உள்ளே வைத்து தேசம்மாக்கா கேட்கிறார். ‘சொல்லக்கூடாது’ என்ற வார்த்தையை அவரே விட்டுவிட்டார். “மேடம் பாத்துட்டு உன்னாண்டயே சொல்வாங்கம்மா” என்கிறார். புதிதாக வருகிறவர்களும் அப்படியே சொல்லுங்கள். பயந்து போய் வருகிறவர்கள் நம் வாயைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆறு மாதம் கழித்து ரிவ்யூ ஸ்கேனுக்கு வந்தபோது ஜெய்தூன் அம்மா கணக்கைத் தானாகவே சொன்னார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ், மாத்திரை எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து அறுநூறு. நின்றுபோன நிக்காஹுக்காக ஹாலுக்குக் கொடுத்து, திரும்பி வராத அட்வான்ஸ் இருபதாயிரம். மொத்தம் இருபத்தைந்தாயிரத்து அறுநூறு ரூபாய்.