அடைப்புக்குறிக்குள் கொக்குவில்

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு எங்கள் கொக்குவில் வீட்டுப் படலையில் ஒரு பழைய பெண்கள் சைக்கிள் சாய்ந்து நிற்கும். முன்கூடையில் முருங்கைக்காயோ முட்டையோ இருக்கும். கைபிடியில் ஆட்டுப்பால் போத்தல் தொங்கும். மச்சாள் வந்துவிட்டார் என்று அர்த்தம். என் மனைவியின் அக்கா அவர். அரியாலையிலிருந்து யாழ்ப்பாண நகரத்தைக் கடந்து, அறுபதை நெருங்கிய வயதில், மிதித்துக்கொண்டே வருவார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் "ஆடு கத்தும்" என்று சொல்லிப் புறப்பட்டுவிடுவார். ஏன் என்னை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று ஒருநாள்கூட அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் பக்கத்து நியாயங்களை எல்லாம் அடுக்கிச் சண்டை பிடித்திருப்பேன். அந்த வசதியை அவர் எனக்குத் தரவேயில்லை.

எங்கள் ஊர்களில் கலியாணம் என்றால் வீடு பெண்ணோடு வரும். அரியாலை வீடு மூத்தவளுக்கென்று தகப்பன் கட்டியது. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, சங்கக்கடையில் வேலை பார்த்துத் தங்கையைப் படிக்கவைத்த மச்சாள், தனக்கு இனிக் கலியாணம் இல்லை என்று தானே முடிவுகட்டி, அந்த வீட்டைத் தங்கைக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்தார். வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்த அன்று, "தம்பி, வீடு இனி உங்கடை. எனக்கு அந்தப் பின் அறை போதும்" என்றார். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். அவருடைய வீட்டில் அவரை இருக்கவிடுவதற்கு எனக்கு ஒரு பெருந்தன்மை!

ஆறு வருடம் அங்கே இருந்தோம். மகள் பிறந்ததும் அங்கேதான். மனைவியும் நானும் வேலைக்குப் போய்விட, பிள்ளை பெரியம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தாள். அவளுக்கு நாலு வயதானபோது எனக்குப் பள்ளிக்கூடப் பைத்தியம் பிடித்தது. எங்கள் அலுவலகத்தில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் அந்தப் பைத்தியம் இருந்தது. முதலாம் வகுப்புக்கு எடுப்பதென்றால் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட வீடு இருக்கவேண்டும். எவ்வளவு கிட்டவோ அவ்வளவு புள்ளி. நான் ஆசைப்பட்ட பள்ளிக்கூடம் கொக்குவில் பக்கம் இருந்தது.

நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞன். கடுதாசியை நம்பிப் பிழைப்பவன். ஒரு தாளின் நடுவே கோடு கீறி, இந்தப் பக்கம் அரியாலை, அந்தப் பக்கம் கொக்குவில் என்று எழுதினேன். அரியாலையில் சொந்த வீடு, கடல்நீரேரிக் காற்று, கச்சேரிக்கு ஐந்து நிமிடம். ஆனால் கிணற்றுத் தண்ணீர் உவர். கொக்குவிலில் வாடகை வீடு, வெக்கை. ஆனால் தண்ணீர் நல்லது, ரியூசன் கிட்ட, பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். மச்சாளை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமலே விட்டேன். கொக்குவில் வென்றது.

"எங்களோடை வாங்கோ மச்சாள்" என்று ஒப்புக்குக் கேட்டேன். "ஆட்டை ஆர் பாக்கிறது தம்பி? நீங்கள் பிள்ளையின்ரை அலுவலைப் பாருங்கோ" என்றார். ஆட்டைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நம்புவது எனக்கு லேசாக இருந்தது.

போய் இரண்டாம் வருடம் விண்ணப்பம் போட்டோம். சொன்ன விலாசத்தில் உண்மையாகவே குடியிருக்கிறோமா என்று பார்க்கப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். எப்போது என்று சொல்லமாட்டார்கள். "விடியப்புறமும் வருவினம், ராவிலையும் வருவினம். வீடு பூட்டிக் கிடந்தால் சரி, பேரை வெட்டிப்போடுவினம்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றே வீட்டில் சட்டம் போட்டேன்: முடிவு வரும்வரைக்கும் ஒருவரும் வெளியில் இரவு தங்கக்கூடாது. அரியாலையில் சொந்த வீடு இருப்பதால் எங்கள் மேல் இரட்டைச் சந்தேகம் வரும், பிள்ளை அங்கே ஒரு இரவு படுத்தாலும் ஆபத்து என்று மனைவிக்குக் கணக்காக விளங்கப்படுத்தினேன்.

மாரி தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு சைக்கிள் வரவில்லை. திங்கள் மத்தியானம் கச்சேரியிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். மச்சாள் போர்த்துக்கொண்டு கதிரையில் இருந்தார். கண் சிவந்திருந்தது. "சும்மா காய்ச்சல். பனடோல் போட்டனான். மாறிவிடும்" என்றார். நான் எழும்பும்போது, "பிள்ளையையும் தங்கச்சியையும் ஒரு ரெண்டு நாளைக்கு விடுங்கோவன் தம்பி" என்றார். அவர் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. "இந்த அலுவல் முடியட்டும் மச்சாள், ஒரு மாசம் வந்து நிக்கட்டும்" என்றேன். "ஓம் ஓம், அதுவும் சரிதான்" என்றார்.

அன்று பின்னேரம் மனைவி உடுப்புப் பையை எடுத்து வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் மட்டும் போய் நிண்டிட்டு வாறன்."

"தாய் இல்லாத வீட்டிலை பிள்ளை இருக்குது எண்டு ஆர் நம்புவினம்? நீர் விடிய முதல் பஸ்ஸிலை போம்" என்றேன். அவள் பையைத் திரும்ப உள்ளே வைத்தாள். அந்தப் பை மட்டும் வெளியே போயிருந்தால் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

விடிய முதல் பஸ் வருவதற்குள் அரியாலை அயல்வீட்டுக்காரி தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். மத்தியானத்தோடு எல்லாம் முடிந்தது. டெங்கு. "நேற்றுக் கொண்டுவந்திருக்கலாம்" என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். இரவு முழுக்கத் தண்ணீர் கேட்டிருப்பாரா, எங்களில் யாரையாவது கூப்பிட்டிருப்பாரா? தெரியாது. அந்த வீட்டில் கேட்பதற்கு ஆட்டைத் தவிர ஒரு உயிர் இருக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. செத்தவீட்டில், மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. 'அரியாலையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி எழுதிக்கொண்டு போனேன். சகோதரங்களின் பெயர் வருகிற இடத்தில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கனடா, லண்டன் என்று அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். மனைவியின் பெயருக்குப் பின்னால் நான் (கொக்குவில்) என்று எழுதினேன். பத்திரிகையில் வரும், மதில்களில் ஒட்டுப்படும், பள்ளிக்கூடத்துக்காரர் கண்ணிலும் படும். மச்சாள் விறாந்தையில் கிடக்கிறார். என் மூளை இந்தக் கணக்குப் பார்க்கிறது. மனைவி பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "அரியாலைக்கும் கொக்குவிலுக்கும் இடையிலை கடலே கிடக்கு?" என்று மட்டும் கேட்டாள். நான் அந்த அறிவித்தலை வெட்டி, விலாச அத்தாட்சிகள் சேர்த்த கோவையில், மின்சாரப் பட்டியலுக்கும் வாக்காளர் இடாப்புப் பிரதிக்கும் பின்னால் வைத்தேன்.

மூன்று கிழமை கழித்து அவர்கள் வந்தார்கள். நான் லீவில் நின்ற நாள், காலை பத்து மணி இருக்கும். ஒரு ரீச்சரும் இன்னொருவரும். கொடியில் காய்ந்த சின்னச் சட்டைகளையும் வாசலில் கிடந்த செருப்புகளையும் ரீச்சர் பார்த்தார். "பிள்ளை இஞ்சை இருக்கிறது தெரியுதுதானே" என்று தன் படிவத்தில் அடையாளம் போட்டார். நான் விடவில்லை. கோவையைத் திறந்து அறிவித்தலையும் நீட்டினேன். வாசித்துவிட்டு, அனுதாபம் சொல்லி, அதை மடித்து என் கையிலேயே தந்தார். "மூண்டு மாசமாய் ஒரு ராவும் இந்த வீட்டை விட்டு அசையேல்லை ரீச்சர்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ரீச்சர் சிரித்தார். "ராவிலை ஆர் ஐயா வரப்போகினம்? எங்களுக்கும் வீடு வாசல் இல்லையே? நாங்கள் பள்ளிக்கூட நேரத்திலைதான் வாறனாங்கள்."

மகளுக்கு இடம் கிடைத்தது. இப்போது நாலாம் வகுப்பு. கெட்டிக்காரி என்கிறார்கள். ஊர் எனக்கு வாழ்த்துச் சொன்னது. நல்ல தகப்பன் என்று பெயர். பிள்ளையை வளர்க்க ஊர் தேடிய நான், அவளை வளர்த்த மனுசியைத் தனியே சாகவிட்டேன். இதை எந்தத் தாளில் எந்தப் பக்கம் எழுதினாலும் ஆறாது.

ரீச்சர் பேசியபோது மனைவி அடுக்களையில் நின்றாள். அவளுக்குக் கேட்டதா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையே அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அரியாலைக்குப் போனாள். வீட்டைக் கூட்டி, விளக்கு வைத்து, பின் அறையில் பாய் விரித்து, இரவும் அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் வந்தாள். அதன் பிறகு ஒரு வெள்ளியும் தவறவில்லை. நானும் வரவா என்று ஒருமுறை கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள். "இந்த வீடு பூட்டிக் கிடக்கக்கூடாதெல்லே."