வில்லனுக்கு நான் கொடுத்த குரல்

எண்பதுகளின் நடுவில் பிள்ளைப்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பஞ்சாயத்து டிவிதான். பறந்து வந்து ஊரைக் காப்பாற்றும் வீரனின் கார்ட்டூன் ஓடும். பேசுவதெல்லாம் இந்தி. ஒருவருக்கும் புரியாது என்பதால் நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் அடித்துவிடுவேன். எனக்கும் இந்தி தெரியாது; அது பிள்ளைகளுக்குத் தெரியாது.

வீரனுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு. வில்லனுக்கு, மறைமலை நகரில் நான் பயிற்சியில் இருந்த கம்பெனியில் மெஷின் லைனைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் குரல். அவர் திருநெல்வேலிக்காரர். "ஏலே, லைன் நிக்குல்லா! எவன்ல பதில் சொல்லுவான்?" என்று வில்லன் உறுமினால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வாரம் முழுக்க அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஆத்திரமெல்லாம் எனக்கு அதில் தீரும்.

ஒரு வாரம் இடியில் பஞ்சாயத்து டிவி புகைந்து படுத்துவிட்டது. ஊரில் இன்னொரு டிவி இருந்தது அந்த சூப்பர்வைசரின் வாடகை வீட்டில்தான். குடும்பத்தைத் திருநெல்வேலியில் விட்டுவிட்டுத் தனியாக இருந்தார். பிள்ளைகள் போய்க் கேட்க, வரச் சொல்லிவிட்டார். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் என்னை நிரந்தரமாக்கும் தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வேலை இல்லை.

நேரம் பார்த்து அன்றைக்கு வீரனையே காணோம். அந்த வாரக் கதை முழுக்க வில்லனின் வீட்டுக்குள். காலையில் எழுகிறான், பல் துலக்குகிறான், கறுப்பு அங்கியைத் துவைத்துக் காயப்போடுகிறான். நான் குரலை மாற்றி ஏதோ முனகினேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை கத்தினாள். "இன்னாண்ணா, வில்லன் இப்டியா பேசுவான்? போன வாரம் ஏலேன்னு பேசினியே, அத்த பேசுண்ணா!"

நாற்காலியில் இருந்த சூப்பர்வைசர் திரும்பினார். "என்னல முழிக்க? பேசு."

தப்ப வழியில்லை. "ஏலே, லைன் நிக்குல்லா..." என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை. திரையில் வில்லன் ஒற்றைத் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அதற்குப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. லைனுக்கு வெளியே அந்த மனிதர் என்ன பேசுவார் என்று நான் யோசித்ததே கிடையாது.

"இன்னைக்கும் ரசந்தான்," என்றது நாற்காலியிலிருந்து அதே குரல். "ஒத்த ஆளுக்கு என்னத்தப் பொங்க?"

பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகச் சிரித்தார்கள். நான் பெட்டியைவிட்டு விலகிப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். வில்லன் கண்ணாடி முன்னால் நின்று மிரட்டிப் பழகியதற்கும், துணி மடித்ததற்கும், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்ததற்கும் அவரே பேசி முடித்தார்.

திங்கட்கிழமை கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் என் தாள். பேனா மூடி திறந்திருந்தது.

"நான் அவ்வளவு சத்தமால போடுதேன்?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆமா சார்" என்று வந்துவிட்டது.

அவர் தாளில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

அன்று மாலை என் கைத்தவறால் லைன் நின்றது. ஓடி வந்தார். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டு, மெஷினைத் தானே சரிசெய்யக் குனிந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.