மடிப்பு எந்தப் பக்கத்தில்?

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் என் பழைய புத்தகக் கடைக்கு வருகிறவர்கள் விலையைக் கேட்பதில்லை. "மடிப்பு எங்கே, வில்மார்?" என்றுதான் கேட்பார்கள். முலாம்பழத்தை மோந்து பார்க்கிற மாதிரி புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, பக்கத்தின் மூலை எங்கே மடிந்திருக்கிறது என்று தேடுவார்கள். முன்னாலேயே மடிந்திருந்தால் உதட்டைப் பிதுக்கிவிட்டு நடையைக் கட்டுவார்கள். "புத்தகம் வாங்க வந்தீங்களா, ஜோசியம் பாக்க வந்தீங்களா?" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அவர்களைச் சொல்லி என்ன பயன்? எல்லாம் நெல்பா எச்சார்ட் பார்த்த வேலை.

எங்கள் மோன்டேவிடியோவில் கொலை செய்து கௌரவமாகப் பிழைக்கிற ஒரே பெண்மணி நெல்பாதான். பதினோரு துப்பறியும் நாவல்கள் எழுதியிருக்கிறாள். காலையில் சமையலறை மேஜையில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் ஒரு பிணமாவது விழ வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பிறகு தெருவில் இறங்கிச் சந்தேகம் கேட்கப் போவாள். ஒருமுறை கறிக்கடையில் பத்துப் பேர் நிற்கும்போது, "பின்னாலிருந்து குத்தினா இந்தக் கத்தி எலும்புல முட்டுமா?" என்று கேட்டாள். கடைக்காரன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஆளு தடியா, ஒல்லியா?" என்று கேட்டுவிட்டு வெட்டிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் வேறு வேலை. ஒரு வாரப் பத்திரிகையில் வெள்ளிக்கிழமைதோறும் அவள் மதிப்புரை வரும். துப்பறியும் நாவல்கள் மூட்டையாக வந்து இறங்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பாள். ஆனால் எழுதும்போது பேனா வெண்ணெயாகிவிடும். எங்களுடையது சின்ன நாடு. இன்றைக்கு ஒருவனைக் கிழித்து எழுதினால் நாளைக்கு ரொட்டிக்கடை வரிசையில் அவன் பின்னால்தான் நிற்க வேண்டும். "இவரிடம் இன்னும் நிறைய எதிர்பார்க்கலாம்" என்று அவள் எழுதினால், புத்தகம் குப்பை என்று நாங்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அவளுடைய உண்மையான மதிப்புரை மடிப்பில்தான் இருந்தது. படிக்கும்போது கொலைகாரன் யார் என்று எந்தப் பக்கத்தில் பிடிபடுகிறதோ, அந்தப் பக்கத்தின் மூலையைச் சட்டென்று மடித்துவிடுவாள். எழுதி முடித்ததும் புத்தகம் என் கடைக்கு வந்துவிடும். கொஞ்ச நாளில் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. பத்தாம் பக்கத்தில் மடிப்பா, சீந்துவாரில்லை. கடைசி அத்தியாயத்தில் மடிப்பா, ஆளுக்கு ஆள் பிடுங்கிக்கொள்வார்கள். பத்திரிகையில் அவள் எழுதியதை யாரும் மதிப்பதே இல்லை.

இப்படி ஊரார் புத்தகத்தையெல்லாம் மடித்தவள் தன் புத்தகத்துக்கு நம்பியிருந்தது ஒரே ஓர் ஆளைத்தான். அவள் புருஷன் அதேமார் பெந்தான்கூர், பல் டாக்டர். ஒவ்வொரு நாவலையும் எழுதி முடித்ததும் முதலில் அவர் கையில்தான் கொடுப்பாள். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "கண்டுபிடிச்சியா?" அவர் தலையை ஆட்டுவார்: "கடைசி வரைக்கும் இல்ல, கிழவி. ஏமாந்து போயிட்டேன்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் எழுதினாள் என்று சொன்னாலும் தப்பில்லை. அடுத்த நாளே நாவல் அச்சுக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் என் கடையில்தான் இருப்பார்கள். அவர் அக்குளில் வெந்நீர் பிளாஸ்க், கையில் மாத்தே இலை போட்ட குடுக்கை; குழல் வைத்து உறிஞ்சுகிற கசப்புத் தேநீர் அது. அவர் ஊற்றிக் கொடுப்பார், அவள் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள், மறுபடி ஊற்றுவார். குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது "நன்றி" என்று சொன்னால் போதும் என்று அர்த்தம். நெல்பா அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. பிளாஸ்க் காலியாகும், அவ்வளவுதான்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, அதேமார் கோட்டுப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். 'மூன்றாவது கடைவாய்ப்பல்.' ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயர்! ஓய்வு பெற்றபிறகு ஓசைப்படாமல் மனுஷன் ஒரு துப்பறியும் நாவல் எழுதி, அச்சும் போட்டுவிட்டார். நெல்பாவுக்கு மாத்தே தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"நீ பத்திரிகையில ஒரு வரிகூட எழுத வேணாம், கிழவி," என்றார் அவர். "மத்தவங்களுக்கு மடிக்கிற மாதிரி மடிச்சு வில்மார்கிட்ட குடு. அடுத்த ஞாயிறு நானே வந்து பாத்துக்கறேன். புருஷன்னு தயவு காட்டினே, தெரியும் சேதி."

பக்கத்தில் பழைய சாவியும் தாழ்ப்பாளும் விற்கிற ஒலிந்தாவின் காதில் இது விழுந்துவிட்டது. அப்புறம் சொல்ல வேண்டுமா? உச்சி வெயில் ஏறுவதற்குள் சந்தை முழுக்கப் பரவிவிட்டது.

புதன்கிழமை நல்ல மழை. மழை பெய்தால் எங்கள் ஊரில் பொரித்த ரொட்டி இல்லாமல் பொழுது போகாது. நெல்பா சுடச்சுட ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு என் கிடங்குக்கு வந்தாள். வாங்கி வந்தாளே தவிர ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"மூணாவது அத்தியாயம், வில்மார்," என்றாள். "நர்ஸுதான். செத்தவன் வீட்டுச் சமையலறையில நின்னு குறடைக் கழுவுறா, தண்ணி செவப்பா ஓடுது. எங்க வீட்டுப் பூனை படிச்சாக்கூடக் கண்டுபிடிச்சிரும்!"

"அப்போ மூணாவதுல மடிச்சிட வேண்டியதுதானே?"

"கல்யாணமே பண்ணிக்காதவன்கிட்ட வந்து கேட்டேன் பாரு! அந்த மனுஷன் முகத்தைப் பாத்தியா? முதல் நாள் பள்ளிக்கூடம் போற பையன் மாதிரி இருக்கு."

"கடைசி அத்தியாயத்துல மடிங்க."

"அது பொய்யில்ல?"

"சரி, மடிக்காமலே விட்டுடுங்க."

யோசித்தாள். "அது பொய்னு சொல்ல முடியாது. மறந்துட்டதா இருக்கலாம்," என்றாள். அப்புறம்தான் ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தாள்.

ஞாயிறு வந்தது. அதேமார் மழமழவென்று சவரம் செய்து, கல்யாணங்களுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பாதிச் சந்தை என் கடை முன்னால் கூடிவிட்டது. அவர் புத்தகத்தை எடுத்து முன்னாலிருந்து பின்னால் புரட்டினார். பின்னாலிருந்து முன்னால் புரட்டினார்.

"மடிப்பே இல்ல!" என்று ஒலிந்தா கூவினாள். "டாக்டர் ஜெயிச்சுட்டாரு!" எல்லோரும் கை தட்டினார்கள். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்ன இது, கிழவி?"

"என்னன்னா? கண்டுபிடிக்க முடியல."

"அவ குறடு கழுவுறாளே?"

"கவனிக்கல."

"நீயா? சூப்புல ஒரு கல் உப்பு கூடினாக் கண்டுபிடிக்கிற ஆளு, நீ கவனிக்கலையா?" அவர் புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்தார். "சொத்தைப் பல்லை சொத்தைன்னுதான் சொல்லணும். நாப்பது வருஷம் அதைத்தான் நான் சொல்லிட்டிருந்தேன். எனக்கு மட்டும் மரத்துப்போற ஊசியைப் போட்டு அனுப்பிடலாம்னு பாத்தியா?"

கை தட்டினவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். நான் புத்தக அடுக்கைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். யோசனை சொன்னவன் நான்தானே!

நெல்பா மாட்டிக்கொண்டால் பாய்வாள். பாய்ந்தாள். "பெரிய சத்தியவந்தர்! அப்போ என் நாவலுக்கும் இப்படித்தான் உண்மையைச் சொன்னீரோ?"

கேட்டது சும்மா, கோபத்தில். ஆனால் அதேமார் அவசரமாக மாத்தேயை உறிஞ்சினார், நாக்கைச் சுட்டுக்கொண்டார், இருமினார். வாழ்நாள் முழுக்கக் குற்றவாளிகளின் முகத்தை எழுதியவள் அவள். அந்தத் திருட்டு முழி அவளுக்குத் தெரியாமல் போகுமா?

"அதேமார். என்னைப் பாரு."

அவர் ஒலிந்தாவின் சாவிகளைப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சிருக்கே, இல்ல?"

"சிலதுல..."

"சிலதுன்னா?"

நெல்பா மேஜையிலிருந்த கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினாள். மூன்றாம் அத்தியாயத்தில் மூலையை நகத்தால் அழுத்தி மடித்து, டொம்மென்று போட்டாள். "அடுத்த ஞாயிறு என்னோட பதினொன்னும் இங்க வரணும். மடிச்சு! ஒரு மடிப்பு பொய்யா இருந்தாலும் நெஜமாவே கொலை விழும், சொல்லிட்டேன்."

அவள் போனபிறகு அதேமார் அந்த மடிப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "மூணாவதா? ரெண்டாவதுலயே புடிப்பான்னுதான் நெனச்சேன்," என்றார். மனுஷனுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட.

அந்த வாரம் அந்த வீட்டில் இரண்டு பிளாஸ்க் என்று ஒலிந்தா செய்தி கொண்டுவந்தாள். அவருக்குத் தனி மாத்தே, அவளுக்குத் தனி மாத்தே. எங்கள் ஊரில் அதற்கு அடுத்தபடி வக்கீல் வீடுதான்.

ஞாயிறு காலையில் ஆளுக்கொரு பிளாஸ்க்கோடுதான் வந்தார்கள். அவர் காய்கறி வண்டியில் பதினோரு புத்தகங்களையும் தள்ளிக்கொண்டு வந்தார். நெல்பா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"பாதிரியாரை இவ்வளவு சீக்கிரமாவா?"

"செருப்புல சேறு இருந்துச்சே."

"இதுல அந்த மச்சினன்?"

"அவன் ரொம்ப நல்லவனா இருந்தான், கிழவி."

பார்த்த பத்தும் முன்பாதியிலேயே மடிந்திருந்தன. அவளுக்கு மிகவும் பிடித்த நாவல், பரிசு வாங்கியது, முதல் அத்தியாயத்தைக்கூடத் தாண்டவில்லை. அவள் குரல் உடைந்துவிட்டது. "உன் வாயை நம்பித்தானே ஒவ்வொன்னையும் அச்சுக்கு அனுப்பினேன்! இத்தனை வருஷமும் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கியே!"

ஒலிந்தா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். நெல்பா உட்காரவில்லை.

கடைசியாக ஒன்று மிச்சம். 'குடை ரிப்பேர்.' அவள் எழுதியதிலேயே விற்காத புத்தகம், என் கிடங்கில் இன்னும் ஒரு அடுக்கு இருக்கிறது. புரட்டினாள். மறுபடி புரட்டினாள். ஒரு மூலையும் மடியவில்லை.

"இது மட்டும் என்ன? பாவம்னு விட்டுட்டியா?"

"இல்ல," என்றார் அதேமார். "அதுல நெஜமாவே எனக்குத் தெரியல. அந்தத் தையல்காரம்மாவை நான் நம்பிட்டேன். கடைசிப் பக்கம் படிக்கறப்போ என் கிளினிக் நாற்காலியில ஒருத்தர் வாயைத் தொறந்துட்டு உக்காந்திருந்தாரு. அவரை அப்படியே விட்டுட்டு, உள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். இன்னைக்கும் அவ செய்யலைன்னுதான் நெனைக்கிறேன்."

"அவதான்யா செஞ்சா."

"நீ சொல்றே. நான் நம்பல."

நெல்பாவுக்குப் புகழுரை புதிதில்லை. அது எப்படித் தயாராகிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அதனால் யார் பாராட்டினாலும் அவளுக்கு ஒட்டாது. அன்றைக்கு மேஜையில் பத்துப் புத்தகம் மூலை மடிந்து கிடந்தது. மடியாத அந்த ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, நடுச்சந்தை என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தன் பிளாஸ்க்கை என் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு அவரிடம் கையை நீட்டினாள்.

"ஊத்து."

அவர் ஊற்றினார். "கசக்குது," என்று குறை சொல்லிக்கொண்டே முழுக்க உறிஞ்சினாள். குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தாள், ஒன்றும் சொல்லாமல். அவர் மறுபடி ஊற்றினார்.