டெல்சி எழுதாத கல்யாணம்

ஓசூரில் மாதேஸ்வரன் நடத்தும் வாரப் பத்திரிகையில் ஒன்பது வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களை விமர்சித்து எழுதி வந்தாள் டெல்சி. பிழைப்புக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. மாமியார் விஷம் வைக்கிற காட்சி வந்தால் போதும், கிழித்துத் தொங்கவிட்டுவிடுவாள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் சர்ச்சில் நாடகம் எழுதிப் பழகிய கை அது.

அவளுக்குப் பேர் வாங்கித் தந்த நாடகம் செல்லியின் கதை. வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்து, விடுதியில் தங்கி அதே சிப்காட்டில் வேலை பார்த்தவள் செல்லி. தன்மேல் கை வைத்த சூப்பர்வைசர்மீது புகார் எழுதிக் கொடுத்தாள்; வேலை போனது அவளுக்குத்தான். அவள் சம்மதத்தோடு, பெயரை மட்டும் மாற்றி மேடையேற்றினாள் டெல்சி. பார்த்த பெண்கள் கைதட்டவில்லை. முடிந்த பிறகும் எழுந்து போகவில்லை.

ஒரு சேனலுக்காகச் சென்னையிலிருந்து தினேஷ்குமார் என்பவன் வந்தான். இதையே தொடராக்கலாம், வசனமும் நீங்களே எழுதுங்கள் என்றான். இத்தனை வருடம் குறை சொன்னவள் ஒன்றைச் செய்து காட்ட வேண்டாமா என்று டெல்சிக்கும் ஆசை. கதையை மாற்றும் உரிமை சேனலுக்கு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எல்லாருக்கும் போடுகிற வரிதான் என்றான். நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

முதல் பத்துப் பகுதிகள் அவள் எழுதியபடியே வந்தன. பதினொன்றில் சூப்பர்வைசர் நல்லவனாகத் தொடங்கினான். இருபதில் கோயிலில் வைத்து அந்தப் பெண்ணுக்கே தாலி கட்டினான். கீழே ‘வசனம்: டெல்சி’ என்று ஓடியது. போன் செய்து கத்தினாள். ரேட்டிங் ஏறியிருக்கிறது மேடம் என்றான் தினேஷ்குமார்.

மறுநாள் டெல்சியின் கம்பெனி வாசலில் செல்லி நின்றாள்.

“அவனுக்கே என்னையக் கட்டி வெச்சிட்டியேக்கா. பேர மாத்துனாலும் அது நான்தான்னு எல்லாருக்கும் தெரியும். இவளுக்கும் ஆசதான் போலன்னு பேசறாங்க.”

“அத நான் எழுதல செல்லி.”

“பேரு உன்னுதுதான?”

தினேஷ்குமார்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் டெல்சிக்குத் தன்மேலேயே திரும்பியது. அந்த வார விமர்சனத்தில் தன் தொடரையே எடுத்துக்கொண்டாள். எது தான் எழுதியது, எது எழுதாதது என்று காட்சி காட்சியாகச் சொன்னாள். ஒரு குற்றத்தைத் தாலியால் மூடினார்கள், அதற்கு என் பெயரை நானே கொடுத்தேன் என்று முடித்தாள்.

மாதேஸ்வரன் இரண்டு முறை படித்தார். கேஸ் போடுவார்கள், கடைசி வரியை மட்டும் எடுத்துவிடலாம் என்றார்.

“அத எடுத்தா மிச்சத்தயும் எடுத்துடுங்க சார்” என்றாள்.

அவர் முழுதாகவே எடுத்துவிட்டார். பத்திரிகையில் அவள் எழுதுவது அதோடு நின்றது. விமர்சனத்தை நோட்டீஸாக அச்சடித்து, ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் நிற்குமிடத்தில் தானே கொடுத்தாள். ஒரே வாரத்தில் சேனல் அவள் பெயரைத் தூக்கியது. தொடரைத் தூக்கவில்லை, அந்த ஜோடிக்கு இப்போது குழந்தை பிறந்திருக்கிறது.

வேலை போன பிறகு செல்லி பட்டதை அடுத்த நாடகமாக எழுதுகிறாள் டெல்சி. தனக்குப் படித்துக் காட்டாமல் யாருக்கும் தரக்கூடாது என்பது செல்லியின் நிபந்தனை. முதல் காட்சியிலேயே இரண்டு வசனங்களை, நான் இப்படிச் சொல்லவில்லை என்று அடிக்கச் சொன்னாள். டெல்சி அடித்தாள்.