ஓமப் புகையில் வந்த கண்ணீர்

கலியாண வீடியோவை வெட்டி ஒட்டுகிறவன் படத்தை மட்டும்தான் அடுக்குவான். கதையைப் பார்க்கிறவர்களே கட்டிக்கொள்வார்கள். எண்பதுகளின் கடைசியில் சுன்னாகத்தில் நானே கலியாணங்களைப் படம் பிடித்து, இரண்டு வீடியோ டெக்குகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் ஓடுவதை மற்றதில் பதிந்து, இந்த வேலையைச் செய்தேன். வாய் நிறையச் சோற்றோடு யாருடைய கலியாண வீடியோவிலாவது அகப்பட்டவரா நீங்கள்? என்னைத் திட்டவேண்டாம், காரணத்தைக் கேளுங்கள்.

பந்தி

முதல் கசெற்றில் பந்தியை அரை நிமிடமாகச் சுருக்கினேன். சனம் சாப்பிடுவதை அரை மணித்தியாலம் யார் பார்ப்பார்கள் என்பது என் எண்ணம். மறுநாளே பெண்ணின் தகப்பன் கசெற்றோடு திரும்பி வந்தார். "தம்பி, ஆர் வந்தது, ஆர் வரேல்லை எண்டு பாக்கத்தானே வீடியோ. தாலி கட்டுறதைக் குறைச்சாலும் பரவாயில்லை, பந்தியிலை கை வைக்காதையும்."

மூன்று விநாடி

தாலி கட்டும் நேரம் வீடியோக்காரனுக்குத் தெரிவது முதுகுகள்தான். எல்லோரும் எழும்பி நின்று மணமக்கள் மேல் அறுகரிசி தூவுவார்கள். எங்கள் ஊர்ப் பாக்கியம் அக்காவின் மகள் கலியாணத்திலும் அப்படித்தான், மூன்று விநாடிக்கு வெறும் முதுகு. அந்த இடத்தில் அக்காவின் தமையன் செல்லையா அண்ணையின் முகத்தை வைத்தேன். அது தாலிக்கு முன்னம், ஓமம் வளர்த்தபோது எடுத்தது. புகையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண்ணை அவர் தன் மகனுக்குக் கேட்டதும், அக்கா வீட்டார் மாட்டோம் என்றதும் எனக்கு எப்படித் தெரியும்? வீடே கூடியிருந்து கசெற்றைப் பார்த்தது. அடுத்த கிழமை மகளின் புதுவீடு குடிபுகுதல், செல்லையா அண்ணைக்கு அழைப்பில்லை. கேள்விப்பட்டதும் கடையைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அது புகையால் வந்த சுளிப்பு, இடம் மாற்றி வைத்தவன் நான்தான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அக்கா அசையவில்லை. "நீர் சமாதானம் பண்ண வந்திருக்கிறீர். தாலி ஏறேக்கை அண்ணையின்ரை முகத்தை நான் என்ரை கண்ணாலை பாத்தனான்."

இன்னும் இரண்டு விநாடி

வாயால் சொல்லிச் சரிவராது என்று விளங்கியது. ஓமக் காட்சியைத் திரும்ப ஓடவிட்டேன். அதே புகையில் அண்ணை சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிற இடம் ஒன்று இருந்தது. சுளித்த முகத்தை நான் வெட்டவில்லை. அதற்குப் பின்னால் இதைச் சேர்த்தேன். ஒரு துண்டு விடுபட்டுப் போய்விட்டது என்று புதுக் கசெற்றை அக்கா வீட்டில் போட்டுவிட்டு, கதிரை நுனியில் இருந்தேன். தாலி ஏறியது, முகம் சுளித்தது, சால்வை கண்ணுக்குப் போனது. அக்கா விம்மத் தொடங்கினார். உண்மையைச் சொன்னால், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா உள்ளே இருந்த புருசனைக் கூப்பிட்டார். "இஞ்சாருங்கோ, அண்ணை அழுதிருக்கிறார். நான் பாவி, கோவமெண்டு நினைச்சிட்டன். வெளிக்கிடுங்கோ, இப்பவே போய்க் குடிபுகுதலுக்குச் சொல்லுவம்."

செல்லையா அண்ணையின் வருகை

குடிபுகுதல் முடிந்த இரண்டாம் நாள் செல்லையா அண்ணை என் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். தான் எப்போது அழுதது என்று கேட்டார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டெக்கை விரலால் தட்டினார். "புகைதான் தம்பி. ஆனா அண்டு முழுக்க எனக்குக் கோவமும்தான். அது கிடக்கட்டும், நீர் உந்தக் கசெற்றை மாத்திப் போடாதையும்."

அதன் பிறகு எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் ஓமப் புகையில் கண் கசக்குகிறவர்களை ஒருவர் விடாமல் எடுத்து வைத்துக்கொண்டேன், எந்தக் குடும்பத்துக்கு எப்போது கண்ணீர் தேவைப்படும் என்று யார் கண்டது.